படகுக்கு முன்னால் உள்ள நீர்



ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்கும் ஒரு நாளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எத்தனை மீன், எவ்வளவு எடை என்ற கணக்கு இந்தப் பேச்சில் வராது. அந்த நீரில் மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். இங்கிலாந்தில் குடியேறிய நம்மவர்கள் சிலர் ஆசையோடு தூண்டில் வாங்கிக்கொண்டு ஏரிக்கு வருகிறார்கள். முதல் நாளே யாரோ முகம் சுளிக்கிறார். காரணம் விளங்குவதில்லை. இதெல்லாம் பிரபுக்களின் சம்பிரதாயம், நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் அங்குள்ள ஒழுங்குகளில் பெரும்பாலானவை எந்தப் பிரபுவும் வகுத்தவை அல்ல. மீனின் கண், மீனின் உடல், மீனின் வயிறு ஆகிய மூன்றும் வகுத்தவை. மீனைத் தெரிந்துகொண்டவருக்கு அவற்றில் முக்கால்வாசியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ட்ரவுட் நமக்கு முற்றிலும் புதிய மீனும் அல்ல. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரவுட் பொரிப்பகம் ஏற்பட்டது. உதகைக்காரர்களுக்கு அந்த இடம் தெரியும். இலங்கையில் நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும் இதே மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். பழுப்பு ட்ரவுட் ஐரோப்பாவுக்கு உரியது. வானவில் ட்ரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து உலகமெங்கும் பரவியது. இரண்டுக்குமே குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தவித்துப்போகும். ஆகவேதான் நம் நாடுகளில் அது மலையை விட்டு இறங்கவில்லை.

நான் மனத்தில் வைத்துப் பேசும் ஏரி பிளாக்டன். இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட்டில், மெண்டிப் குன்றுகளின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. பிரிஸ்டல் நகரத்துக்குக் குடிநீர் வேண்டும் என்று யோ ஆற்றின் குறுக்கே அணை கட்டியதால் உண்டான நீர்த்தேக்கம். 1904இல் அங்கே ட்ரவுட் பிடிக்க அனுமதி தொடங்கியது. அதன்பின் பக்கத்திலேயே 1956இல் ச்யூ வேலி ஏரி, கிழக்கே 1966இல் கிராஃபம், 1977இல் ரட்லண்ட் என்று பெரிய நீர்த்தேக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இதில் ஒரு சமூகச் செய்தி இருக்கிறது. நல்ல ஆறுகளின் கரைகள் நிலச்சொந்தக்காரர்கள் கையிலும், கட்டணம் கட்டமுடிந்த சிறு குழுக்கள் கையிலும் இருந்தன. நீர்த்தேக்கமோ காசு கொடுத்து நாள் சீட்டு வாங்கிய எவருக்கும் திறந்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவரும் ஆசிரியரும் தபால்காரரும் ஒரே கரையில் நின்றார்கள். முன்பின் தெரியாத பலர் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும்போது என்ன ஒழுங்கு தேவைப்படுமோ, அதுதான் அங்கே உருவானது. பிரபுக்கள் தம் சொந்த ஆற்றில் தனியாக நின்றார்கள்; அவர்களுக்கு இந்த ஒழுங்கே தேவைப்பட்டிருக்காது.

இந்த ஏரிகளில் ட்ரவுட் பிடிக்கும் முறையான ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன என்பதை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஃப்ளை என்பது முள்ளின்மேல் இறகும் ரோமமும் பட்டுநூலும் சுற்றிக் கட்டிய போலிப் பூச்சி. அதற்கு எடை கிடையாது; எறிந்தால் போகாது. எடை நூலில் இருக்கிறது. 10 அடிக் கோலால் அந்தக் கனத்த நூலைப் பின்னால் வீசி, அது காற்றில் முழுதாக நீண்டதும் முன்னால் வீசினால், நூல் தன்னோடு பூச்சியையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படியானால் வீசுகிறவருக்கு முன்னால் எவ்வளவு இடம் வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவு இடம் முதுகுக்குப் பின்னாலும் வேண்டும். கரையில் நடந்து போகிறவர், வீசிக்கொண்டிருப்பவரின் பின்னால் வரும்போது நின்று, நூல் தண்ணீரில் விழுந்தபிறகு கடப்பது இதனால்தான். பின்னால் பறந்துவரும் முள் கண்ணில் பாய்ந்தால் கண் போய்விடும். தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் அங்கே போகக்கூடாது. இதைப் பெற்றோருக்குக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மே மாதக் கடைசி, மேகமூட்டம், தென்மேற்குக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்ல நாளை ட்ரவுட் பிடிப்பவர் கேட்கமாட்டார். அரசின் தூண்டில் உரிமம் முன்பே கையில் இருக்கவேண்டும். ஏரி அலுவலகத்தில் நாள் சீட்டு வாங்கி, உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் ஒரு படகில் ஏறுகிறோம்.

ஏரியில் படகிலிருந்து மீன் பிடிக்கும் பழைய முறை ஸ்காட்லாந்தின் ஏரிகளில் வளர்ந்தது. படகைக் காற்று வரும் திசைக்கு ஓட்டிப்போய், குறுக்குவாட்டில் திருப்பி, துடுப்பை உள்ளே எடுத்துவிடவேண்டும். காற்று படகை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் அதிகமானால் பாராசூட் போல விரியும் ஒரு துணியை நீருக்குள் விட்டுப் படகை நிதானப்படுத்துவார்கள். இருவரும் காற்றுப் போகிற திசையைப் பார்த்து உட்கார்ந்து, சிறிது நூலே விட்டு முன்னால் வீசுகிறார்கள். ஒரே நூலில் மூன்று ஃப்ளைகள் இருக்கும். நூலை இழுத்துக் கோலை உயர்த்தும்போது மேலே கட்டியிருப்பது நீர்ப்பரப்பில் துள்ளித் துள்ளி வரும். பல சமயம் அந்தத் துள்ளலில்தான் மீன் பாய்கிறது.

ஏரியில் ஆற்றைப் போல ஓட்டம் இல்லை. ஆற்று ட்ரவுட் ஓரிடத்தில் நின்றால் இரை அதன் வாய்க்கு மிதந்து வரும். ஏரி ட்ரவுட் இரையைத் தேடி அலையவேண்டும். காற்று மேற்பரப்பில் பூச்சிகளை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. மேலே மேயும் ட்ரவுட் பெரும்பாலும் அந்தக் காற்றை எதிர்த்து நீந்தி, வரும் பூச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே முன்னேறும். படகு காற்றோடு போகிறது, மீன் காற்றை எதிர்த்து வருகிறது. அதாவது படகுக்கு முன்னால், நூறு இருநூறு மீட்டர் தூரத்துக்கு, வெறும் தண்ணீராகத் தெரியும் அந்த இடத்தில்தான் அந்தப் படகுக்காரர்களின் அடுத்த அரைமணி நேரம் இருக்கிறது. அவர்கள் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் அது காலி இடம் அல்ல.

புதியவருக்கு இது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏரி பெரியது, படகு தூரத்தில் இருக்கிறது, நடுவில் யாரும் இல்லை, நான் குறுக்கே போனால் என்ன என்று நினைக்கிறார். ஒருமுறை எங்கள் படகு மிக நல்ல ஒரு வழியில் மிதந்துகொண்டிருந்தது. காற்றடிக்கும் ஏரியில் சில இடங்களில் சிற்றலையே இல்லாமல் எண்ணெய் தடவியது போல வழவழப்பான பாதைகள் நீளமாக உண்டாகும். பூச்சிகள் அவற்றில் சேரும். அப்படி ஒரு பாதை எங்கள் முன்னால் நீண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் மீன்கள் முதுகைக் காட்டிக் காட்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அருகில் வந்துவிட்டன. அப்போது இன்னொரு படகு, அடுத்த சுற்று மிதக்கக் காற்று வரும் பக்கம் போகும் அவசரத்தில், மோட்டாரைப் போட்டு அந்தப் பாதையின் நடுவிலேயே எங்களை நோக்கி வந்து, கையசைத்துவிட்டுக் கடந்து போனது. அவர்கள் முகத்தில் துளி விரோதம் இல்லை. அடுத்த முக்கால் மணி நேரம் அந்த இடத்தில் ஒரு மீனும் மேலே வரவில்லை. தாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. அதே பாதைக்கு அவர்களும் திரும்பி வந்து வெறும் நீரில் வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தங்கள் மீனையும் சேர்த்தே விரட்டிவிட்டார்கள்.

ஆகவே ஒழுங்கு இதுதான்: ஒரு சுற்று மிதந்து முடித்ததும், திரும்பிக் காற்று வரும் பக்கம் போகும்போது மற்றவர்கள் மிதக்கும் பகுதிக்கு வெளியே அகல வளைந்து, மெதுவாகப் போகவேண்டும். இன்னொரு படகு மிதந்து வரும் வழியில், அதன் முன்னால் போய் உங்கள் படகைத் திருப்பி நிறுத்தக்கூடாது. அதன் பின்னால் சேரலாம், பக்கவாட்டில் நல்ல இடைவெளி விட்டுச் சேரலாம். கரையில் நிற்பவருக்கும் இந்த உரிமை உண்டு. படகுக்கு ஏரி முழுவதும் இருக்கிறது. கரையில் நிற்பவருக்கு அவர் நூல் எட்டும் தூரம் மட்டுமே. பல ஏரிகளில் கரையிலிருப்பவரை விட்டு 50 கெஜமாவது படகு விலகி இருக்கவேண்டும் என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அதை இரண்டு மடங்காக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். காற்று தள்ளிக்கொண்டு வந்துவிட்டது என்பது சமாதானம் ஆகாது, துடுப்பு அதற்குத்தான் இருக்கிறது.

படகில் எழுந்து நிற்காதே என்பார்கள். கவிழ்ந்துவிடும் என்பது ஒரு காரணம். மற்றொன்று மீனின் கண். நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஒளிவிலகலால் 97 டிகிரி அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. மீன் ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் அந்தச் சாளரத்தின் விட்டம் இரண்டேகால் மீட்டர். தாழ்வாக இருக்கும் பொருள்கள் சாளரத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகிவிடும். உயரமாக நிற்கும் மனிதர் அந்த விளிம்பிலிருந்து மேலெழும்பி, வானத்தின் பின்னணியில் கறுப்பாகத் தெரிவார். கோலை வீசும் அவர் கையும் அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரின் மீனும் சேர்ந்து ஓடிவிடும்.

ஒலி விஷயத்தில் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். படகில் பேசக்கூடாது என்று நினைக்கிறார்கள். நம் பேச்சொலி காற்றிலிருந்து நீருக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது, பெரும்பகுதி மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தாராளமாகப் பேசலாம். ஆனால் பிளாஸ்கைப் படகின் தரையில் டொக்கென்று வைத்தால், அந்த அதிர்வு படகின் உடல் வழியாக நேரே நீரில் இறங்கும். நீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகும். ட்ரவுட்டின் இரு பக்கவாட்டிலும் செவுளிலிருந்து வால்வரை ஓடும் ஒரு கோடு உண்டு. பக்கத்தில் நீர் அசைவதை அது அந்தக் கோட்டால் உணர்கிறது. பழகிய படகுக்காரர்கள் தரையில் ஒரு பழைய கம்பளத் துண்டை விரித்து வைத்திருப்பார்கள். பார்ப்பவர் குளிருக்கு என்று நினைப்பார்.

மதியம் வெயில் வந்தால் மீன் கீழே போய்விடும். பேச்சிலும் இந்த நேரத்தை ஒரு மனிதருக்காக ஒதுக்க விரும்புகிறேன். டாக்டர் ஹோவர்ட் பெல், 1888இல் பிறந்து 1974இல் மறைந்தவர். பிளாக்டன் பக்கத்தில் மருத்துவம் பார்த்தார். முதல் உலகப்போரைப் பார்த்துவிட்டு வந்தவர்; கூட்டத்தை விரும்பாத, அமைதியான மனிதர். அவர் அந்த ஏரிக்கு வந்த காலத்தில், சால்மன் பிடிக்கக் கட்டிய பெரிய பெரிய வண்ண ஃப்ளைகளையே ஏரியிலும் வீசிக்கொண்டிருந்தார்கள். பெரிய மீனுக்குப் பெரிய பூச்சி என்ற நினைப்பு. டாக்டர் பெல் ஒரு மருத்துவர் செய்யக்கூடியதைச் செய்தார். பிடித்த மீனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

அதை நானும் செய்து பார்த்திருக்கிறேன். எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சமைக்க எடுத்த மீனின் வாய் வழியாக ஒடுங்கிய நீளக் கரண்டி ஒன்றை இரைப்பைவரை விட்டு, ஒரு திருப்புத் திருப்பி வெளியே எடுக்கவேண்டும். கரண்டியில் கரும்பச்சையாக ஒரு உருண்டை வரும். அதை வெள்ளைத் தட்டில் போட்டுக் கொஞ்சம் ஏரிநீர் விட்டு ஆட்டினால் உருண்டை பிரியும். அரிசி நீளம் இருக்குமா இருக்காதா என்ற அளவில், கொக்கி போல வளைந்த, கறுப்பும் பழுப்புமான சின்னச் சின்ன உடல்கள். ஒவ்வொன்றிலும் வளைய வளையமாகக் கோடு. தலைப்பக்கம் பருத்து, அதில் வெள்ளை மயிர்க்கொத்து போல ஒன்று. நூற்றுக்கணக்கில் இருக்கும். கடைசியாக விழுங்கியவை இன்னும் நெளிந்துகொண்டிருக்கும்.

அவை கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒருவகைப் பூச்சியின் கூட்டுப்புழுக்கள். ஏரிச் சேற்றில் இருக்கும் இதன் புழுவுக்கு நம்மைப் போலவே ஹீமோகுளோபின் உண்டு, அதனால் செக்கச்செவேலென்று இருக்கும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் பிளட் வார்ம் என்று விற்கிறார்களே, அதே வகைதான். புழு கூட்டுப்புழுவாகி, சேற்றை விட்டு மெல்ல மெல்ல மேலே எழும்பி, நீர்ப்பரப்பின் அடியில் சற்று நேரம் தொங்கி, தோலைக் கிழித்துக்கொண்டு பறந்துபோகும். அந்த ஏற்றத்தின்போதுதான் ட்ரவுட் அவற்றை மேய்கிறது. டாக்டர் பெல் அந்தச் சின்ன உடலைப் பார்த்து அதே அளவில், அதே நிறத்தில், கறுப்பு நூலும் தங்கநிறக் கம்பியும் வெள்ளைக் கொத்தும் வைத்து ஒரு ஃப்ளை கட்டினார். பிளாக்டன் பஸ்ஸர் என்று அதற்குப் பெயர். மிதக்கும் நூலில் அதைக் கட்டி, அசைத்தும் அசைக்காமலும் மிக மெதுவாக இழுத்தார். ஏரியில் மீன் பிடிக்கும் முறையே அதிலிருந்து மாறியது.

இந்தக் கதையை மரியாதையைப் பற்றிய பேச்சில் சொல்லக் காரணம் உண்டு. அவர் முறையில் மீன் பிடிக்கவேண்டும் என்றால் அவசரம் கூடாது. பூச்சி அசையாமல் தொங்குகிறது என்றால், நூலை வீசியவரும் காற்று அதை ஒரு வளைவாகக் கொண்டுபோகும்வரை காத்திருக்கவேண்டும். அந்த வளைவு முழுவதும் அவர் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். சும்மா நிற்கிறார் என்று எண்ணி, அவருக்குக் காற்றுப் போகிற பக்கத்தில் பத்தடி தள்ளி நீங்கள் இறங்கி வீசினால், உங்கள் நூல் அவர் நூலின்மேல் விழும். மீன் எதைத் தின்கிறது என்று அறியாதவருக்கு அவர் செய்யும் வேலை கண்ணில் படுவதே இல்லை.

மாலைக்கு வருவோம். படகை விட்டு இறங்கிக் கரைக்கு வந்தால், அந்தி நேரத்தில் பெரிய மீன்கள் முழங்கால் ஆழத்துக்கும் வரும். வெளிச்சம் மங்க மங்க அவற்றுக்குத் துணிவு வருகிறது. இந்த நேரத்தில் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கி நிற்பவர், மீன் மேயவேண்டிய இடத்தில் தான் நிற்கிறார். கூழாங்கல்லில் அவர் கால் உரசும் ஒவ்வொரு அடியும் கரை நெடுகக் கேட்கும். அவருக்கு இரு பக்கமும் நிற்பவர்களின் மீனும் ஆழத்துக்குப் போய்விடும். முதலில் கரையில் நின்றே காலடி நீரில் வீசிப் பார்க்கவேண்டும். தேவை இருந்தால் மட்டும் இறங்கவேண்டும். விளக்கை நீரின்மேல் அடிக்கக்கூடாது. முடிச்சுப் போட வேண்டுமானால் ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று போடுவார்கள். ஏற்கெனவே ஒருவர் நிற்கும் இடத்துக்குப் போனால், பேசக் கேட்கும் தூரத்தில் நின்று, எந்தப் பக்கம் நகர்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு முகம் சுளித்தவரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலோர் பெட்டியைத் திறந்து, எந்த ஃப்ளை வேலை செய்கிறது என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள்.

இப்படி நீட்டுவதற்கு மீனின் இயல்பில் காரணம் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் மீனிலிருந்து வருவிக்கமுடியாது. உடன் படகில் இருப்பவர் மீனை மாட்டிவிட்டால் நாம் நம் நூலைச் சுருட்டிக்கொண்டு, அவர் கேட்டால் மட்டும் கைவலையை எடுப்பது. வலது கைக்காரர் இருவர் இருந்தால் படகில் வீச வசதியான முனையை மதியத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்வது. இன்னும் மீன் பிடிக்காதவரின் பக்கம் மீன் எழும்பினால் அதை அவருக்கே விடுவது. இவை மனிதர் மனிதருக்குச் செய்வது. இவை எங்கும் எழுதப்பட்டிருக்காது. நம் வீட்டுப் பந்தியில் பக்கத்து இலையைப் பார்த்துப் பரிமாறச் சொல்கிறோமே, அதைப் போன்றது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஒழுங்கும் உண்டு. அதை மீறினால் ஏரியே போய்விடும். 2010 செப்டம்பரில் கிராஃபம் ஏரியில் பிரிட்டனுக்கே புதிதான ஒரு சிற்றிறால் இனத்தைக் கண்டார்கள். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்திலிருந்து ஐரோப்பிய ஆறுகள் வழியே பரவி வந்தது. கொலைகார இறால் என்றே பேர் வைத்தார்கள். உள்ளூர்ப் பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் அது கொன்று தள்ளும். தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. ஈரமான வலையின் மடிப்பிலோ காலணியின் உள்ளேயோ நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஓர் ஏரியில் மீன் பிடித்துவிட்டு மறுநாள் ஈர உடையோடு இன்னொரு ஏரிக்குப் போகிறவர்தான் அதற்கு வாகனம். ஆகவே ஏரியை விட்டுக் கிளம்பும்போது எல்லாவற்றையும் பார்த்து, கழுவி, காயவைக்கச் சொல்கிறார்கள். டாக்டர் பெல் மீனின் வயிற்றில் பார்த்த அந்தச் சின்னக் கூட்டுப்புழுக்கள்தான் ஏரியின் சோறு. வலையைக் காயவைக்கச் சோம்பல்படுவது அந்தச் சோற்றில் விஷம் வைப்பதற்குச் சமம் என்று நான் கடுமையாகவே சொல்வேன். அறுந்த நைலான் நூலும் இப்படித்தான். ஒரு முழம் நூல் ஒரு முக்குளிப்பானின் காலைக் கட்டிப்போடப் போதும். அதைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஒரு நொடி ஆகும்.

மீனைத் திருப்பி விடுவது பற்றிச் சுருக்கமாக. விடுவதாக இருந்தால் முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது. கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் நீரை விட்டு வெளியே எடுக்காமலே கழற்றவேண்டும். கோடையில் நீர் சூடேறியிருக்கும்போது விட்ட மீன் நீந்திப் போனாலும் பிறகு இறந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட நாளில் வைத்துக்கொள்ள அனுமதித்த அளவுக்குப் பிடித்து, உடனே தலையில் அடித்து வேதனையில்லாமல் கொன்று, அத்தோடு தூண்டிலைக் கட்டிவைத்துவிடவேண்டும்.

கடைசியாக ஏரி அலுவலகத்து வாசலில் இருக்கும் பதிவேடு. கிளம்புமுன் அன்று பிடித்ததை அதில் எழுதவேண்டும். மீன் பிடித்தவர்கள் மகிழ்ச்சியாக எழுதுகிறார்கள். பிடிக்காதவர்களில் பலர் எழுதாமலே காரில் ஏறிவிடுகிறார்கள். வெட்கமாக இருக்கலாம், களைப்பாக இருக்கலாம். ஆனால் ஏரியை நிர்வகிப்பவர்கள் ஒரு தூண்டிலுக்குச் சராசரி எத்தனை மீன் என்ற கணக்கை அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் போடுகிறார்கள். அடுத்து எப்போது, எவ்வளவு மீன் கொண்டுவந்து விடவேண்டும் என்று தீர்மானிப்பதும் அதை வைத்தே. வெறுங்கையோடு போனவர்கள் எழுதாவிட்டால் சராசரி பொய்யாக உயர்ந்து நிற்கும். ஏரியில் மீன் நிறைய இருக்கிறது என்று நினைத்து விடவேண்டிய மீனை விடாமல் இருந்துவிடுவார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதல் சில நாள்கள் பெரும்பாலும் வெறுங்கைதான். தயங்காமல் பெயரையும் தேதியையும் எழுதி, பக்கத்தில் 0 என்று போட்டுவிட்டு வாருங்கள்.